நிறுத்தாத மோட்டார்

என் தம்பி ஜெர்மனியில் வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை மாட்டும் வேலை பார்க்கிறான். அங்கே குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயமாம். அப்படியிருந்தும், வீட்டுக்குப் போக மிஞ்சுகிற மின்சாரத்தைக் கம்பி வழியாக ஊருக்கே கொடுத்துவிடுகிறார்களாம். ஆலங்குடிப் பக்கம் எங்களுக்கு வெயிலுக்கா பஞ்சம்? அவன் பேச்சைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் அரசாங்க மானியத்தில் சோலார் மோட்டார் போட்டார். புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகளை எப்படியாவது பிழைக்க வைத்தாக வேண்டும். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது.

முன்பெல்லாம் விவசாயத்துக்கு மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு வருவது எங்கள் ஊர்ப் பழக்கம். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும். நிற்கிற நேரத்தில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் ஊறிக்கொள்ளும். சோலார் வந்த பிறகும் ஒருவரும் சுவிட்சில் கை வைக்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மோட்டார் ஓடியது. வரப்பு தாண்டித் தண்ணீர் வழிவதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்ச நேரம் அமத்துனா என்னங்க?"

"நாம அமத்துனா பக்கத்துக் கொல்லைக்காரன் தண்ணிய உறிஞ்சிருவான். சும்மா வர்ற வெயிலுதானே, ஓடட்டும்."

பக்கத்துக் கொல்லையிலும் எங்களைக் காட்டி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தென்னை முதல் பாளை விட்ட வருஷம் குழாயில் வெறும் காற்று வந்தது. இன்னும் ஆழமாகத் துளைத்துப் பார்த்தோம், புழுதிதான் கிளம்பியது. மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன.

தம்பி போனில், "மோட்டார் ஓடாட்டி என்னக்கா, அந்தக் கரண்ட லைனுக்குக் குடுத்துரலாம்ல?" என்றான்.

"எங்க செட்ட லைனோட சேக்க முடியாதாம் தம்பி. ஆபீஸ்ல கேட்டாச்சு" என்றேன். அவனுக்கு அது புரியவே இல்லை.

போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முழுக்கச் சோலார் போடப் போகிறார்களாம். தண்ணீர் இல்லாத பூமிதான் அவர்களுக்குத் தோதாம். தம்பிக்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஊரும் மாறுதுக்கா" என்றான். போனை வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனிக்காரரிடம் குரலைத் தணித்துக் கேட்டார்: "ஓரத்துத் தென்னைக ஒரு மழை பேஞ்சா பொழச்சுக்கும் சார். அத மட்டும் விட்டுருவீங்களா?"

"பலகை மேல நெழல் விழக்கூடாதுங்களே" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.