தனியாகச் சாப்பிடுவீர்களா?

ஒரு துண்டு பாணில் பட்டர் பூசி முடிக்க என் நோயாளி ஊலாவுக்கு இன்று காலை இருபது நிமிடம் எடுத்தது. நான் அவருக்கு எதிரே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி இரண்டு தரம் நிலத்தில் விழுந்தது. இரண்டு தரமும் புதுக் கத்தி எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும்தான் எனக்கு அனுமதி. நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு நகரம் இது. பாரிசவாதம் வந்தவர்கள் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக இருக்கும் வார்ட்டில் நான் தாதியாக வேலை செய்கிறேன். வந்த புதிதில் ஒரு நாள், பொறுக்கமாட்டாமல் ஒரு நோயாளியின் பாணை வாங்கி நானே பட்டர் பூசிக் கொடுத்துவிட்டேன். அவர் நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன். முகம் சிவந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். தலைமைத் தாதி என்னை அறைக்குள் கூப்பிட்டு, "அவருடைய காலையை நீ எடுத்துவிட்டாய்" என்றா. என் அரைகுறை நோர்வேஜிய மொழியில் அது எனக்கு விளங்கவில்லை. "இல்லை, நான் ஒன்றும் எடுக்கவில்லை, முழுப் பாணையும் அவருக்குத்தான் கொடுத்தேன்" என்று பதில் சொன்னேன். அவ சிரிக்கவில்லை.

'செல்ஸ்தெண்டி' என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் சொல். பிறர் கையை எதிர்பாராமல் தன் காரியத்தைத் தானே பார்ப்பது என்று பொருள் சொல்லலாம். நோயாளியின் கோப்பில், தாதி மாணவிகளின் பாடத்தில், வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் எல்லாம் அது இருக்கும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த நாட்களில் அப்படியொரு சொல்லே எங்களுக்குத் தேவைப்படவில்லை. நோயாளிகளைப் பார்க்கவிடும் நேரம் வந்ததும் சோற்றுப் பார்சல்களோடு சனம் உள்ளே வரும். மனைவி பிசைவா, மகள் தண்ணீர் பிடிப்பா, பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு வாய் போகும். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆட்கள் போதாத வார்ட்டில் அந்தக் கைகள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம்? பிறகு இங்கே வந்து, மொழி படித்து, படித்த தாதித்தொழிலையே திரும்பப் படித்து எழும்பியபோது, அந்தக் கைகளைப் பற்றி என் எண்ணம் மெல்ல மாறிவிட்டது. பலவீனமான கை தானே வேலை செய்தால்தான் மூளை அதைத் திரும்பப் பழகும். இதை இப்போது நானே மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படித்ததை ஊருக்கும் சொல்லவேண்டும் என்ற ஒரு அவசரமும் எனக்குள் கிடந்தது. புலம்பெயர்ந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த அவசரம் தெரிந்திருக்கும்.

அப்படியிருக்கையில்தான் எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்தில் என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துவிட்டன, பேச்சுக் குழறியது. அம்மா முன்னமே போய்விட்டா. வீட்டில் இருந்தவர்கள் தம்பி சுதனும் அவன் மனைவி மல்லிகாவும் அவர்களின் சின்னப் பிள்ளையும்தான். தம்பி வயலுக்குப் போய்விடுவான்; பார்ப்பதெல்லாம் மல்லிகா. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில வாரங்களில், அப்பாவுக்கு விழுங்குவதில் பிழையில்லை, விரல்களில் அசைவு வருகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் துள்ளிக் குதித்தேன். அன்று மத்தியானம் வீடியோ அழைப்பில் எடுத்தபோது மல்லிகா அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வலது கை மடியில் சும்மா கிடந்தது.

"மல்லிகா, நீர் தீத்தாதையும்," என்றேன். "சோத்துக் கோப்பையை அவருக்கு முன்னால வைச்சிட்டு விடும். அவர்தான் சாப்பிடோணும். நீர் தீத்தத் தீத்த அவர்ர கை செத்துப்போகும்."

மாணவிகளுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னேன். மல்லிகாவின் கை பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கவளத்தைக் கோப்பையிலேயே வைத்தாள்.

"சரி அக்கா," என்றாள்.

அதன் பிறகு நான் எடுக்கும்போதெல்லாம் அவள் கிணற்றடியில் நின்றாள், அல்லது பிள்ளையைக் கூட்டிவரப் போயிருந்தாள். தம்பிதான் ஃபோனைப் பிடிப்பான். அப்பாவின் கழுத்தெலும்பு வாரத்துக்கு வாரம் வெளியே தெரிந்துகொண்டு வந்தது. "சாப்பிடுறாரோ?" என்று கேட்டால், "ஓம், நீ சொன்ன மாதிரித்தான்" என்பான் தம்பி. அந்த 'நீ சொன்ன மாதிரி' எனக்குள் முள்ளாய்க் கிடந்தது. வேலைக்கு நடுவே ஃபோனைத் திறந்து திறந்து பார்ப்பேன். சமைத்துக்கொண்டு நிற்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கு எடுப்பேன். எடுத்தபின் என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்கமுடியாத ஆளாகிப் போனேன்.

அந்த நேரம் நான் முதுமாணிப் படிப்புக்கான ஆய்வைத் தொடங்கவேண்டியிருந்தது. பாரிசவாதம் வந்து வீடு திரும்பியவர்களைக் குடும்பம் எப்படிப் பராமரிக்கிறது, அது அவர்கள் தேறுவதற்கு உதவுகிறதா, தடுக்கிறதா என்பது கேள்வி. எங்கள் ஊர்ப்பக்கமான வன்னியில் செய்கிறேன் என்று கேட்டேன். என் வழிகாட்டி ஆன்னெ சம்மதித்தா. ஒரு நிபந்தனை: என் சொந்தக் குடும்பத்தை அதில் சேர்க்கக்கூடாது. நான் தலையாட்டினேன். இரண்டு காரணங்களோடு போகிறேன் என்று எனக்குத் தெரியும். எது பெரியது என்று ஆன்னெக்குச் சொல்லவில்லை.

இங்கே பாவிக்கும் கேள்விப் படிவத்தைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 'செல்ஸ்தெண்டி'யை எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்து, கடைசியில் 'தனியாக' என்று போட்டேன். தனியாக உடுப்பு மாற்றுவீர்களா, தனியாக நடப்பீர்களா, தனியாகச் சாப்பிடுவீர்களா. முதல் வீட்டில், கட்டிலில் இருந்த மனிதருக்கு முன்னால் நான் வாசிக்க வாசிக்க அவருடைய மனைவியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக் கேள்வி வந்ததும் அவ பொறுக்கவில்லை.

"ஏன் பிள்ளை அவர் தனியச் சாப்பிடோணும்? நான் செத்தே போனன்?"

"அப்பிடியில்லை அம்மா, ஒருத்தற்ர உதவியும் இல்லாமல்..."

"உதவி செய்ய ஆளில்லாத வீடெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

தேத்தண்ணீர் தந்துதான் அனுப்பினா. ஆனால் வாசல்வரை வரவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் இதுதான் நடந்தது. தன் கையாலேயே பிசைந்து சாப்பிடக்கூடிய ஒருவர், மகள் பக்கத்தில் இருப்பாள் என்பதால் 'இல்லை' என்றார். மனைவி ஊட்டிவிடும் இன்னொருவர், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் என்பதால் 'ஓம், தனியத்தான்' என்று கண் கலங்கினார். நான் கேட்டது கையைப் பற்றி. அவர்கள் பதில் சொன்னது ஆட்களைப் பற்றி. படிவத்தில் நான் போட்ட அடையாளங்கள் எல்லாம் தலைகீழாய்க் கிடந்தன.

அதுவரை மத்தியானங்களில் வெளியேயே திரிந்த நான், அந்தப் படிவங்களோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் அப்பா சோறு சாப்பிடுவதை நேரில் பார்த்தேன். மல்லிகா சோற்றுக்கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். ஒரு கரண்டியையும் வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள். நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பிசகவில்லை. அப்பா கரண்டியைப் பிடித்தார். சோறு மடியில், சாரத்தில் கொட்டியது. திரும்ப அள்ளினார், நாடியில் பட்டது. வெட்கத்தோடு என்னை ஒருதரம் பார்த்தார். நாலு வாய்கூட இராது. கரண்டியை வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வார்ட்டில் இப்படியான நேரத்தில் எதிரே ஒரு ஆள் இருக்கும். இங்கே அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. எழும்பிப்போய் ஊட்டிவிடத் துடித்தேன். எழும்பினேன்; ஆனால் போனது குசினிக்கு.

மல்லிகா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"என்னில கோவமோ மல்லிகா?"

"கோவமில்லை அக்கா."

"அப்ப ஏன் ஃபோனில வாறேல்லை?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. என்ர கையால தீத்தினது உங்களுக்கும் பிடிக்கேல்லையோ?"

அந்த 'உங்களுக்கும்' என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மல்லிகாவின் தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். ஒரு காலத்தில் எங்கள் வயலிலும் கூலிக்கு நின்றவர்கள். அப்பாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனத்தில் அரசாங்கம் கொடுத்த காணி கிடைத்து வந்தது. தம்பி அவளைக் கலியாணம் செய்தபோது அப்பா சண்டை பிடிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் சமைத்ததைத் தொடாமல், வளவின் மூலையில் தனி அடுப்பு மூட்டித் தன் சோற்றைத் தானே காய்ச்சிச் சாப்பிட்டார். இரண்டு வருடத்துக்குக் கிட்ட. மல்லிகா ஒவ்வொரு மத்தியானமும் அவருக்கு ஒரு கோப்பை போட்டு மூடிவைப்பாள், பின்னேரம் கோழிகளுக்குக் கொட்டுவாள். பேத்தி பிறந்தபின் அவள் சமையலைச் சாப்பிடத் தொடங்கினார். அதுவும் தம்பி பரிமாறினால் மட்டும். இதெல்லாம் நடந்தபோது நான் நோர்வேயில் இருந்தேன். ஃபோனில் கேட்டேன், கவலைப்பட்டேன், மறந்தும் போனேன்.

"ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கு முதல் வாய் குடுக்கேக்க எனக்குப் பயமாக் கிடந்தது அக்கா. துப்பிப்போடுவாரோ எண்டு. வாயைத் திறந்தார். என்னைப் பாத்துக்கொண்டே திண்டார். நான் இஞ்ச வந்து அழுதனான்." துருவலைச் சட்டியில் தட்டினாள். "பிறகு நீங்கள் வேண்டாமெண்டியள்."

எனக்கு மூளையைப் பற்றித் தெரியும், நரம்பைப் பற்றித் தெரியும். "நான் அவற்ர கையைத்தான் யோசிச்சனான், உம்மட கையை யோசிக்கேல்லை. பிழை என்னில, மல்லிகா," என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, படித்த தாதி போல ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கை வேலை செய்யோணும் எண்டது மெய்தானோ?"

"ஓம். அது மெய்."

அடுத்த நாள் மத்தியானம் அவள் கரண்டியை எடுத்துவிட்டாள். "பிறந்ததிலயிருந்து கரண்டியாலயே திண்டவர்?" என்றாள். அப்பாவின் சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். பிறகு தனக்கும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே இருந்து சாப்பிடத் தொடங்கினாள். அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் குசினியில் இருந்து சாப்பிடுகிறவள் அவள். மாமனுக்கு முன்னால் ஒரு நாளும் இருந்து சாப்பிட்டதில்லை. தம்பி வாசலில் அசையாமல் நின்றான். அப்பா அவளையே பார்த்தார். அவள் மெதுவாக ஒரு கவளம் எடுத்தாள். அவருடைய விரல்களும் சோற்றுக்குள் இறங்கின. பாதி சிந்தியது. பாதி வாய்க்குள் போனது. அவர் களைத்துப்போக, கடைசி இரண்டு வாயை மல்லிகா ஒன்றும் கேட்காமல் தீத்திவிட்டாள்.

"உப்புக் காணாது," என்றார் அப்பா, குழறலாக.

"நாளைக்குப் போடுறன் மாமா," என்றாள் மல்லிகா. அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

படிவத்தைக் கிழித்துத் திரும்ப எழுதினேன். 'தனியாக' என்ற சொல்லை எல்லா இடத்திலும் வெட்டினேன். 'சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருப்பார்? அப்போது உங்கள் கை என்ன செய்யும்?' என்று இரண்டாகக் கேட்டேன். போன வீடுகளுக்கே திரும்பப் போனேன். முதல் வீட்டு அம்மா இந்தமுறை நிறையக் கதைத்தா, படலைவரை வந்து வழியனுப்பினா. நோர்வேக்கு வந்ததும் ஆன்னெ, ஏன் கேள்விகளை மாற்றினாய், எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டா. எங்கள் வீட்டுக் குசினியைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. மொழிபெயர்ப்புப் பிழை என்று சொன்னேன். அவ அதையே ஏற்றுக்கொண்டு குறித்துக்கொண்டா.

போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் பஸ்ஸில் மல்லிகாவின் குரல்பதிவு வந்தது. காதில் மாட்டிக் கேட்டேன். "அக்கா, சத்தத்தை மட்டும் கேளுங்கோ," என்று தொடங்கியது. பிறகு அவள் குரல் கொஞ்சம் தள்ளிப்போனது. "மாமா, நான் பிடிக்கமாட்டன். பக்கத்தில நிக்கிறன். படலைமட்டும் போவம்." மணலில் ஒரு காலடி. பிறகு இழுபட்டு வரும் மற்றக் காலடி. திரும்ப ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு காகம் மட்டும் கத்தியது.

என்னை அறியாமல் இருக்கையிலிருந்து எழும்பிவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்து, பையை மடியில் தூக்கி வைத்து, முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டா. "உங்கள் தரிப்பிடமா?" என்று கேட்டா. "இல்லை, இன்னும் வரவில்லை," என்றேன். அவ காத்திருந்தா. பஸ் ஈரத் தெருவில் கடலோரமாகத் திரும்பியது. அடுத்த காலடிச் சத்தம் வரும்வரை, இறங்காமலும் திரும்ப இருக்காமலும், அந்த இடைவெளியில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.