தண்ணீரை நம்பாத மெர்சி மேடம்

"பாய், மெர்சி மேடம் காலையில தவறிட்டாங்களாம்." பெயிண்ட் கம்பெனி சண்முகம் சார் போனில் சொன்னபோது கோட்டாறு கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். நெய்யூரில் நடந்த அடக்கத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். வந்திருந்த பலருக்கு அவருடைய சோதனைக்கூடம் தெரியும். எங்கள் இருவரையும் அவர் ஒன்றாகத் திட்டிய அந்த மதியம் தெரியாது.

ஆக்கர் கடையில் பழைய இரும்பு வாங்கி விற்றுக்கொண்டிருந்த நான், துத்தநாகப் பொடிக்கு மாறிய புதிது. படகுக்கு அடிக்கும் துருத்தடுப்புப் பெயிண்டுக்கு அது மாவு போல இருக்க வேண்டும். சண்முகம் சார் கம்பெனிக்கான முதல் லோடு, லாரியில் மேடத்தின் சோதனைக்கூட வாசலில் நின்றது. திருப்பி அனுப்பினால் 'ஆக்கர்க்காரன் சரக்கு' என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். பிறகு எவனும் வாங்கமாட்டான்.

பொடியைத் திரவத்தில் கலக்கி, எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. பருமன் சீக்கிரம் விழும், நைசு தாமதிக்கும். மேடம் சாப்பிடப் போயிருந்தார். நானே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பொடியைக் கலக்கிக் காட்டினேன். இறங்க மனமில்லாததுபோல் நின்றது. சண்முகம் சார் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

மேடம் உள்ளே வந்தார்.

"இது யாரு கலக்குனது?"

"நான்தான் மேடம். சார் கண்ணால பாத்துட்டாருல்லா."

"என்னத்தப் பாத்தாரு? துத்தநாகம் தண்ணியில குமிழி விடும் பாய். குமிழிதான் பிடிச்சுத் தூக்குது. ஒங்க பொடி நீச்சல் படிச்சிருக்குன்னு நெனச்சியளா?"

குழாயை அப்படியே வாளியில் கவிழ்த்தார்.

"எங்க கம்பெனியில மண்ணெண்ணெயிலதான் பார்ப்போம்" என்றார் சண்முகம் சார். அதிலும் பார்த்தோம். பொடி கல் மாதிரி விழுந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பருமன்தான் பாய். லாரியத் திருப்புங்க."

"மேடம், தண்ணியில வந்ததையே எழுதுங்க. ஒங்க கால்ல விழுதேன்" என்றேன். வெட்கம் பார்க்கவில்லை.

மேடம் என்னைக் கவனிக்கவே இல்லை. மண்ணெண்ணெயில் ஒரு துளி எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்து, சாரைக் கூப்பிட்டார்.

"பாருங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியா கெடக்கு. பாய் குமிழிய அளந்தாரு, நீங்க கட்டிய அளந்திய. ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுனா நான் பொடிய அளப்பேன்."

தண்ணீர் கலக்காத ஸ்பிரிட்டில் கலக்கினார். ஒரு துளியைப் பார்த்தார்: குமிழி இல்லை, மணிகள் தனித்தனியாக நின்றன. அதன் பிறகே நேரம் குறிக்கத் தொடங்கினார்.

"தேறுமா மேடம்?"

"எனக்கெப்படித் தெரியும்? திரவம் சரின்னுதான் தெரியும். ஒங்களுக்குச் சாதகமா விழுமான்னு பொடிட்ட கேளுங்க."

வெளியே லாரி டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்தான்.

ஸ்பிரிட்டில் வந்த முடிவு, நான் காட்டியதைவிடப் பருமன். சார் காட்டியதைவிட நைசு. கம்பெனி கேட்ட எல்லைக்குள் மயிரிழையில் நின்றது. சார் கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொன்னபோது மேடம் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். "மயிரிழை தாண்டியிருந்தா அதத்தான் எழுதியிருப்பேன்" என்றார். எழுதியிருப்பார். சார் கையெழுத்துப் போட்டதும் அதனால்தான்.

இப்போதெல்லாம் நல்ல முடிவோடு யார் வந்தாலும், "எதுல கலக்குன?" என்றுதான் முதலில் கேட்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. கேட்காமல் விட்டுவிடலாமே என்று ஆசை வரும் நாளும் உண்டு. அன்றைக்குக் கட்டாயம் கேட்கிறேன்.