யாரும் போடாத பிரேக்கு

ஆத்திரம் ஆத்திரமா வருது எனக்கு. ஒரு வருசம் ஆவப்போவுது, இன்னும் ஆறல. நடு ரோட்ல என் கார்ல பிரேக் அடிச்சது யாருன்னு கேட்டா, பதில் சொல்ல ஒரு நாதி இல்ல.

நான் கும்மிடிப்பூண்டியில ஒரு பெயிண்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறவ. வூடு பொன்னேரி தாண்டி. பஸ்சுக்கு நின்னு நின்னு சலிச்சுப்போயி, லோன் போட்டு கார் வாங்கினேன். ஷோரூம்ல இருந்த ஆளு வாயாலயே பந்தல் போட்டான். "மேடம், இது புத்தி இருக்கற வண்டி. எதிர்ல எதுனா வந்தா நீங்க கால வைக்கவே வேணாம், அதுவே பிரேக் போட்டுக்கும். பாதி டிரைவர் வண்டியேதான் மேடம்"ன்னான். நானும் ஈன்னு இளிச்சுக்கினு கையெழுத்து போட்டேன்.

அறுப்பு முடிஞ்சா எங்க பக்கம் பாதி ரோட்ல நெல்லு காயும். சுத்தி கல்லு வெச்சு, ஓரமா படுதாவ மடிச்சு போட்டிருப்பாங்க. மிச்ச பாதியில வளைச்சுக்கினு போயிடுவோம், அதுக்காக வண்டிய யாரும் நிறுத்தறதில்ல. அன்னிக்கு சாயங்காலம் மழை வர்ற மாதிரி ஒரே காத்து. ஒரு படுதா பிச்சிக்கினு எழும்பி ரோட்டுக்கு குறுக்க வந்துது. வெறும் படுதாங்க! நான் பாத்துட்டேன், ஸ்டியரிங்க லேசா திருப்பவும் திருப்பிட்டேன். கால் பிரேக்குகிட்டயே போவல. வண்டி கீ கீன்னு கத்திட்டு, செவுத்துல முட்டினாப்பல நின்னுபோச்சு. பெல்ட்டு நெஞ்ச அறுத்துது. அடுத்த நொடி பின்னால டமார்னு ஒரு சத்தம்.

மொபெட்ல வந்தவரு ஒரு இரும்பு மில்லுல லோடு தூக்கறவரு. ஷிப்டு முடிச்சு வூட்டுக்கு போய்க்கினு இருந்தாரு. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது. வலது கால் முட்டிக்குக் கீழ ரெண்டு துண்டு. நெல்லு அள்ளிக்கினு இருந்தவங்க ஓடியாந்து அவர தூக்கினாங்க. அந்த வலியிலயும் என்ன பாத்து, "ஏம்மா, காலி ரோட்ல எதுக்கும்மா நின்னே?"ன்னாரு.

"நான் நிக்கலைங்க, வண்டி நின்னுச்சு"ன்னேன். சொல்றப்பவே எனக்கே கேவலமா இருந்துது.

காலுக்குள்ள கம்பி வெச்சு தச்சாங்க. இனிமே பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மில்லுல அவரு எடத்துல வேற ஆள போட்டுட்டாங்க. என் வண்டி இன்சூரன்ஸ்ல இருந்து நஷ்டஈடு வந்தாத்தான் அந்தக் குடும்பத்துக்கு வழி. தப்பு என் வண்டி மேலன்னு ஆனாத்தான் அது வரும்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். "நீங்க ஏன் மேடம் பேஜாரு ஆவுறீங்க? பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பு. இடைவெளி விட்டு வரணும் இல்ல? நீங்க வாயத் தொறக்காதீங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்"ன்னாரு.

"சார், வண்டி தானா நின்னுச்சு சார்!"

"அப்படின்னா அது வண்டி செஞ்சவங்க சமாச்சாரம் மேடம். நம்ம தலையில எதுக்கு?"

ஷோரூமுக்குப் போனேன். அதே ஆளு. "அது ஒரு உதவி மட்டும்தான் மேடம். ஓட்டறது நீங்கதான். வண்டிகூட குடுத்த புக்குலயே போட்டிருக்கு"ன்னான். அடப்பாவி! விக்கறப்ப பாதி டிரைவர், இடிச்சப்புறம் வெறும் உதவியா? அங்க இருந்த அத்தினி பேருக்கும் கேக்கறாப்பல நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். எனக்கு டீ வாங்கியாரச் சொல்றான், டீ! ஒரு வாய் குடிக்காம எழுந்து வந்துட்டேன்.

இதுல வயித்தெரிச்சல் இன்னான்னா, என் வண்டிக்கு இன்சூரன்ஸ்லயே பின்பக்க பம்பர் புதுசா வந்துடுச்சு. கேள்வி கிடையாது, இழுத்தடிக்கறது கிடையாது. பிளாஸ்டிக்குக்கு இருக்கற மரியாத மனுசன் எலும்புக்கு இல்ல.

உண்மைய சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டேங்கறான், பொய்யாவது சொல்லிப் பாப்போம்னு முடிவு பண்ணேன். இன்சூரன்ஸ்ல இருந்து விசாரிக்க வந்த ஆளுகிட்ட, "நான்தாங்க பிரேக் அடிச்சேன். படுதாவ பாத்து பயந்துட்டேன். தப்பு என்னுதுதான், எழுதிக்குங்க"ன்னேன். அவன் சிரிச்சுக்கினே லேப்டாப்ப என் பக்கம் திருப்பினான். "உங்க கால் பிரேக்குல படவே இல்ல மேடம். வண்டி பதிவு பண்ணி வெச்சிருக்கு." அதே பதிவ நான் கேட்டப்ப, குடுக்க முடியாதுன்னு ஷோரூம்ல கைய விரிச்சாங்க. இவனுக்கு மட்டும் எப்படிய்யா கெடச்சுது?

ஆவ மொத்தம், நான் அடிக்காத பிரேக்குக்கு நான் பொறுப்பில்லியாம். அடிச்ச வண்டியில குத்தம் இல்லியாம். மிச்சம் அந்த மனுசன்தான். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க? அவரு கேஸ் போட்டிருக்காரு, நான் சாட்சி சொல்றதா இருக்கேன். அது வாய்தா வாய்தான்னு இழுத்துக்கினு கெடக்குது.

போன ஞாயித்துக்கிழம அவரு வூட்டுக்குப் போயிருந்தேன். கட்டில்ல கால நீட்டிக்கினு உக்காந்திருந்தாரு. அவரு சம்சாரம் இப்ப ஒரு கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவப் போவுது, அப்பத்தான் வந்து முந்தானையில கை தொடச்சுக்கினு நின்னுது. அந்த நேரம் பாத்து ஏஜென்ட் போன். இவங்களுக்குத் தெரியாம பேச என்கிட்ட இன்னா இருக்குதுன்னு ஸ்பீக்கர்ல போட்டேன்.

"மேடம், இன்சூரன்ஸ் புதுப்பிக்கற டைம். ஒரு நல்ல சேதி. தானா பிரேக் போடற வண்டிக்கெல்லாம் இந்தத் தடவ தள்ளுபடி உண்டு. புத்தி இருக்கற வண்டி, ஆபத்து கம்மி இல்லியா?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா முந்திக்கிச்சு. "புத்தி இருக்குதுன்னா அதையே கோர்ட்டு கூண்டுல ஏத்துங்கய்யா! எங்க வூட்டுக்காரரு கால ஏன் ஒடச்சேன்னு நானே கேக்கறேன்!"

ஏஜென்ட் குரலத் தாழ்த்திக்கினாரு. "யாரு மேடம் பக்கத்துல, அந்தப் பார்ட்டியா? தயவு செஞ்சு அவங்ககிட்ட எதையும் ஒத்துக்காதீங்க."

கட்டில்ல இருந்த மனுசன் தலைய குனிஞ்சுக்கினாரு.

"ஒத்துக்கறேன் ஒத்துக்கறேன்னுதான்யா ஒரு வருசமா கத்திக்கினு இருக்கேன்! எழுதிக்கத்தான் ஒருத்தனும் இல்ல"ன்னேன்.