அண்ணனின் திவசத்துக்கு மீன்

நான், மனைவி, இளைய மகள், என்னோடு வேலை செய்யும் செனகல்காரர். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தது இவ்வளவு பேர்தான். மேசையில் அவருடைய போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம். சுவரில் அண்ணனின் படம். முன்னால் விளக்கு.

நானும் செனகல்காரரும் கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை. அவர் மீன் வெட்டுவார். நான் சட்டி கழுவுவேன். அதிகம் கதைக்க மாட்டோம். இரண்டு பேருக்கும் இத்தாலியன் அரைகுறை. அதுவும் ஒரு வசதிதான்.

அவருடைய ஊர் செனகலின் தெற்கே, கசமான்ஸ் பக்கம். அங்கேயும் நெடுங்காலம் சண்டை. சனம் ஊரை விட்டு ஓடி, கண்ணிவெடி எடுத்த பிறகு திரும்பி வந்திருக்கிறது. வந்தவர்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே திரும்பக் கட்டினார்கள். மண் சுவர், தகரக் கூரை. அவருடைய மகள் அங்கேதான் படிக்கிறாள். இதெல்லாம் மீன் வெட்டிக்கொண்டே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

ஒரு நாள் முகம் சரியில்லை. கேட்டேன். பிள்ளைகள் தூரத்திலிருந்து நடந்து வருகிறார்களாம். மத்தியானம் பசித்து வீட்டுக்குப் போனால் பின்னேர வகுப்புக்குத் திரும்புவதில்லை. ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். இப்படியே போனால் மாற்றம் கேட்டுப் போய்விடுவேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். அவர் போனால் பள்ளிக்கூடம் மூடும். பிறகு மகளை நகரத்தில் யார் வீட்டிலாவது விட வேண்டும்.

"விட்டால் அவள் படிக்க மாட்டாள். சட்டிதான் கழுவுவாள்" என்றார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, கோபிக்காதே என்றார். கோபிக்க என்ன இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது. மத்தியானம் கஞ்சி கொடுப்பார்கள். அண்ணனும் நானும் கஞ்சிக்குத்தான் போனோம். போன இடத்தில் கொஞ்சம் எழுத்தும் வந்தது. அண்ணன் தன்னுடைய கஞ்சியில் பாதியை என் கோப்பையில் ஊற்றுவார். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். மீன் கண்ணில் படாது. அண்ணன் மீன் என்றால் உயிர். ஒரு மிடறு குடித்துவிட்டு இது சூடைப் பொரியல் என்பார். அடுத்த மிடறுக்கு இது பாரைக் குழம்பு என்பார். எனக்குச் சிரிப்பு வந்து கஞ்சி மூக்கால் வரும்.

ஒரு நாள் அரிசி வாங்கப் போனார். திரும்பவில்லை. போன நாளையே அவருடைய நாளாக வைத்திருக்கிறோம்.

வருஷா வருஷம் அன்றைக்கு வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு என்னுடையது. இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். போன வருஷம் போன் எடுத்துக் கேட்டபோது, இல்லத்தை நடத்தினவர், "இப்ப பிள்ளையள் இல்லை அண்ணை. எல்லாரும் வளந்திட்டினம்" என்றார். நல்ல செய்தி. ஆனாலும், அண்ணனின் சோற்றை இனி யார் சாப்பிடுவது?

அடுத்த நாள் செனகல்காரரிடம் சொன்னேன். அண்ணனின் நாளில் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்னுடையது என்று. அவர் கத்தியைக் கீழே வைத்தார். அண்ணனின் பெயரை மட்டும் கேட்டார்.

சைவமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் அதைச் சொல்லத் தேவையில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை.

அண்ணனின் நாள் அந்தத் திங்கட்கிழமை. கடை பூட்டு. அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய்ப் பொரியல். மீனோ இறைச்சியோ எங்கே என்று தேடினார். பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய அவருடைய ஊரிலிருந்து வீடியோவில் போன் வந்தது. முந்திரி மரத்தடியில் பெரிய பானை. பிள்ளைகள் கை கழுவிவிட்டுத் தாம்பாளங்களைச் சுற்றி இருக்கிறார்கள். ஒரு அம்மா தாம்பாளத்தின் மூடியைத் திறந்தார். சோற்றுக்கு மேல் முழு மீன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா இது? திவசத்துக்கு மீனோ? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நல்ல ஆளிட்டைத்தான் பொறுப்பை விட்டிருக்கு."

செனகல்காரருக்கு விளங்கவில்லை. என் மகள் இத்தாலியனில் சொன்னாள். அவருடைய முகம் விழுந்துவிட்டது. தங்கள் ஊரில் செத்தவரின் பெயரில் மீன் இல்லாத சோறு கொடுத்தால் அவரை மதிக்காத மாதிரி என்றார். சண்டைக் காலத்தில் போக முடியாத ஒரு பக்கம் ஆற்றில் இருக்கிறதாம். அண்ணனுக்காகப் பெண்கள் விடியவே அங்கே போய்ப் பிடித்த மீனாம். எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டார். அங்கே பிள்ளைகள் கழுவின கையைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அண்ணனின் படத்தைப் பார்த்தேன்.

"சாப்பிடச் சொல்லுங்கோ" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது.

வாத்தியார் ஏதோ சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அண்ணனின் பெயரைச் சொன்னார்கள். பிறகு சாப்பிட்டார்கள், எங்களைப் போலவே கையால். செனகல்காரரின் மகள் போனுக்குக் கிட்ட வந்து, முள்ளை எடுத்துக் காட்டிவிட்டு ஓடினாள்.

மனைவி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அவள் அண்ணனைக் கண்டதில்லை.

"அண்ணைக்கு என்ன மீன் விருப்பம்?" என்றாள்.

"எல்லாம்."

"அப்ப சரி. இருக்கட்டும்."

அதை நான் இங்கே எங்கள் கோயிலில் ஒருவரிடம் சொன்னேன். அவர் தகப்பனின் நாளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தந்தார். இன்னொருவர் பேத்தியின் பிறந்தநாளை. இப்படியே ஆளுக்கு ஒரு நாளாக எடுத்தார்கள். செனகல்காரரின் ஆட்களும் மிச்ச நாட்களைப் பிடித்துக்கொண்டார்கள். பானை இப்போது பள்ளிக்கூட நாட்களில் அனேகமாக அடுப்பில்தான். வாத்தியார் போகவில்லை.

இந்த வருஷமும் அண்ணனின் நாள் வந்தது. மீனோடேயே கொடுக்கச் சொல்லுங்கோ என்று மனைவிதான் முதலில் சொன்னாள். கஞ்சியில் மீனைச் சொல்லிச் சொல்லிக் குடித்தவருக்கு, நான் போகாத ஒரு ஊர் ஆற்றிலிருந்து மீன் வருகிறது. சட்டி கழுவும்போது அதை நினைத்தால் கை கொஞ்சம் மெதுவாகிறது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து பின்னேர மணி அடித்ததும், வகுப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வாத்தியார் போனை மெல்லத் திருப்பினார். என் மகள் பிள்ளைகளை விரல் வைத்து எண்ணினாள்.

நாற்பத்தாறு.