உப்பு குடோன்ல வரைஞ்ச மூஞ்சி

எமர்ஜென்சி முடிஞ்ச மறு வருஷம், மே மாசம், மரக்காணத்துல ஒரு பழைய உப்பு குடோன்ல நான் படம் வரையக் கத்துக்கினேன். கத்துக்கினேன்னு சொல்றதே தப்பு. அந்தக் குடோனுக்குள்ள போய் வந்ததை நெனச்சா இன்னைக்கும் எனக்குக் கொமட்டுது. சோறு துன்றப்போ யாராவது அந்தப் பேச்சை எடுத்தா தட்டை நகர்த்தி வச்சிடுவேன்.

மெட்ராஸ்ல யாரோ தனியா நடத்தின ஓவியப் பள்ளிக்கூடம் அது. கோடை லீவுல பெரியவங்களுக்குன்னு கிளாஸ் வைப்பாங்களாம். அந்த வருஷம் கடல்காத்து, உப்பளத்து வெளிச்சம்னு ஏதோ சொல்லிக்கினு எங்க ஊர்ல வந்து எறங்கிட்டாங்க. ஆபீசுக்கு லீவு போட்டவங்க, ரிட்டையர் ஆனவங்க, வீட்டுல பொழுது போவாத பொம்பளைங்க, இப்படி ஒரு கும்பல். உள்ளூர் டீச்சருங்களுக்கு பீஸ் கிடையாதுன்னு எங்க ஹெட்மாஸ்டர் வந்து சொன்னாரு. நான் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். அன்னைக்கே போய் சேந்துட்டேன்.

எனக்குப் படம் மேலயெல்லாம் ஆசை ஒண்ணும் கிடையாது. எனக்கு ஒரே ஒரு மூஞ்சி வரையணும். என் வீட்டுக்காரரு மூஞ்சி.

அவரு உப்பு லாரியில லோடு மேஸ்திரி. டீச்சருக்கு லோடு மேஸ்திரியான்னு ஊரே சிரிச்சுது. சிரிச்சிட்டுப் போவட்டும், எவன் வீட்டுச் சோத்தைத் துன்னோம்? போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணத்துக்கே போட்டோக்காரன் வேணாம்னுட்டாரு. எடுக்காமலே கொறைஞ்சுபோச்சு. கீழ்புத்துப்பட்டு பக்கத்துல லாரி கவுந்து, மூட்டைங்களுக்கு அடியில மாட்டிக்கினாரு. கொண்டாந்து கெடத்தினப்போ, உக்கார வச்சி ஒரு போட்டோவாவது எடுத்துடலாம்னு யாரோ சொன்னாங்க. துணிய வெலக்கிப் பாத்தவங்க அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

அவரு போய் ரெண்டு வருஷம் ஆயிருக்கும். ஒருநாள் அரிசி களைஞ்சிக்கினு இருந்தேன். திடீர்னு அவரு மூக்கு ஞாபகத்துக்கு வரல. கண்ணை மூடி மூடிப் பாக்கறேன், வரவே இல்ல. மூக்கு சாயங்காலமா வந்துடுச்சு. ஆனா பயம் போவல. இன்னைக்கு மூக்கு, நாளைக்கு வாயி, அப்புறம் மொத்தமா போயிடுவாரேன்னு அடிச்சிக்கிச்சு. என் மாமியார் வேற, தெவசத்துக்குத் தெவசம் வெறும் சொவத்துல குங்குமம் வச்சி, "ஒரு படம் கூட இல்லாத பாவிப் பையன்"னு அழுவாங்க. படமா வரைஞ்சிட்டா மறக்கறதுக்கு முன்னாடி புடிச்சி வச்சிடலாம்னுதான் போனேன்.

குடோன் சொவரு இத்தினி வருஷம் உப்பு மூட்டை அடுக்கின சொவரு. வெயில் கொளுத்தினாலும் அது பாட்டுக்கு வேர்த்துக்கினு இருக்கும். சாக்கு நாத்தம், எலிப் புழுக்கை, பின்னாடி தேங்கிப்போன தண்ணி அழுவற நாத்தம். பேப்பரு நமுத்த அப்பளமாட்டம் தொங்கிடும். அங்க கரிக்குச்சியில வரையறதுக்கு ரப்பரு கிடையாது. ரொட்டிய வச்சிதான் அழிக்கணும். ரொட்டியப் பிச்சி உருட்டித் தேய்ப்பாங்க, கரி புடிச்ச உருண்டைய அங்கியே தரையில போடுவாங்க, அது மேலயே நடப்பாங்க. வெளிய உப்பு வார்ற பொம்பளைங்க பழைய சோத்துக்கு வெங்காயம் கடிச்சிக்கினு உக்காந்திருப்பாங்க. அவங்க கண்ணு முன்னாடியே கூடை கூடையா ரொட்டி வந்து எறங்கும், அழிக்கறதுக்கு. எறும்பு, ஈ, மிதிபட்ட ரொட்டி. சீ, கர்மம்.

எனக்குப் பக்கத்துப் பலகை ஒரு பேங்க் ஆபீசர் பொண்டாட்டிக்கு. அந்தம்மா கர்சீப்பை மூக்குல வச்சிக்கினே, "எவ்ளோ ஒயிட்டா இருக்குது பாருங்க டீச்சர்"னு உப்பு அம்பாரத்தைப் பாத்து உருகும். அந்த உப்புல நின்னு நின்னு பொம்பளைங்க காலெல்லாம் வெடிச்சி புண்ணா இருக்கறதை ஒருநாள் காட்டினேன். "அய்யே, பாவம்"னு சொல்லிட்டு பலகைய வேற பக்கமா திருப்பிப் போட்டுக்கினு வரைய ஆரம்பிச்சிட்டாங்க. அவ்ளோதான் பாவம்.

எல்லாருக்கும் மேல மாஸ்டர். நல்லா வாட்டசாட்டமா இருப்பாரு, ஜிப்பா போட்டுக்கினு. வாயில எந்நேரமும் வெத்தலை. பேசினா தெறிக்கும், முன்வரிசையில உக்கார ஆளே இருக்காது. அவருகிட்ட ஒரு பழக்கம். சுத்தி வந்துக்கினே இருப்பாரு, யாரு படமாவது சரியில்லன்னு தோணினா வாயால சொல்லிக் குடுக்க மாட்டாரு. கட்டைவிரல நாக்குல வச்சி நல்லா எச்சி பண்ணிக்குவாரு, படத்துல வச்சி ஒரு இழுப்பு இழுப்பாரு. கரி கரைஞ்சி நெழலா பரவும். அப்புறம் அவரே குச்சிய வாங்கி முழுப் படத்தையும் போட்டு முடிச்சிடுவாரு. அதுக்குப் பேரு கரெக்‌ஷன். கரெக்‌ஷன் பண்ணினா அதிர்ஷ்டம்னு இந்த ஜனங்க பல்ல இளிச்சிக்கினு நிப்பாங்க. எச்சி மேல எச்சியா ஒவ்வொருத்தர் படத்துலயும் செவப்பு திட்டு இருக்கும். எச்சி பட்ட டம்ளர்ல கூட தண்ணி குடிக்காத வீட்டுல பொறந்தவ நான். எம் பலகை பக்கம் வர்றாருன்னா நெஞ்சோட சேத்து அணைச்சிக்குவேன்.

சொல்லிக் குடுத்ததெல்லாம் ஒரு சுண்ணாம்பு பொம்மைத் தலைய வச்சித்தான். மூக்கு ஒடைஞ்ச வெள்ளைக்காரத் தலை. கண்ணு தலைக்கு நடுமத்தியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இன்னொரு கண்ணு வைக்கற எடம், ரெண்டும் ஒரே மட்டம். ப்ரபோர்ஷன், ப்ரபோர்ஷன்னு அதையே ஓதுவாரு. நான் பகல்ல அந்தத் தலைய வரைவேன், மீதி நேரத்துல என் வீட்டுக்காரர வரைஞ்சி பாப்பேன். புள்ளையார் புடிக்கப் போய் கொரங்கா முடிஞ்ச கதைதான். ஒருநாள் எங்க சித்தப்பா வருவாரு, ஒருநாள் சினிமா நோட்டீசுல இருக்கறவன் வருவான். அவரு மட்டும் வரல.

ஏன் வரலன்னு யோசிச்சப்போதான் ஒண்ணு வெளங்கிச்சு. அவர எதிருக்கு எதிரா நான் பாத்ததே கொஞ்சம். மாமியார் நடமாடற வீட்டுல புதுப் பொண்ணு புருஷன் மூஞ்சிய உத்து உத்தா பாக்க முடியும்? ஆனா தெனமும் சைக்கிள் பின்னாடி என்னை உக்கார வச்சிக்கினு ஸ்கூல்ல விடுவாரு. வழியெல்லாம் நான் பாத்தது அவரு காதைத்தான். மடல் கொஞ்சம் வெளிய மடங்கி, அடியில ஒரு மரு. அதனால காதுலருந்து ஆரம்பிச்சேன். காது சட்டுனு வந்திச்சு. அதை ஒட்டிக் கன்னம் வந்திச்சு. "நல்லா புடிச்சிக்கினியா?"ன்னு கேக்கறதுக்கு திரும்புவாரே, அப்படித் திரும்பின மாதிரி மூக்கு, வாய், கடைசியா கண்ணு. அவருக்கு ஒரு கண்ணு இன்னொண்ணை விட கொஞ்சம் கீழ எறங்கி இருக்கும். அதையும் அப்படியே எறக்கிப் போட்டேன். போட்டுட்டு நிமிந்து பாத்தேன். எங்கம்மா! அவரேதான். எம் பின்னாடி யாரு இருக்காங்க இல்லைன்னு கூடப் பாக்காம, "வந்துட்டியா"ன்னேன். அவர நான் ஒருநாளும் ஒருமையில பேசினது கிடையாது.

மொகத்தைக் கழுவிக்கினு வரலாம்னு தண்ணித் தொட்டிக்குப் போனேன். அவ்ளோதான், அந்தக் கொஞ்ச நேரந்தான்.

திரும்பி வந்தா எம் பலகைய சுத்தி கும்பல் நிக்குது. உள்ள மாஸ்டர் குனிஞ்சிக்கினு இருக்காரு. தள்ளிக்கினு போறேன், "நல்ல முயற்சி டீச்சர். கண்ணு ரெண்டும் மட்டத்துல இல்லியே, அதுதான் இடிக்குது"ன்றாரு. நாக்கு வெளிய வந்திச்சு, கட்டைவிரலு அதுல பொரண்டுது.

"சார், தொடாதீங்க! அவரு அப்படித்தான் இருப்பாரு!"

"மனுஷனுக்கு அப்படி இருக்காதும்மா. அனாட்டமி ஒத்துக்காது."

வச்சிட்டாரு. என் வீட்டுக்காரரு கண்ணு மேல அந்த எச்சிக் கட்டைவிரல வச்சி ஒரு இழுப்பு இழுத்துட்டாரு. அந்த ஆளு கையப் புடிச்சி இழுத்தேன். பேங்க் ஆபீசர் பொண்டாட்டி என்னைப் பின்னாடி அணைச்சிப் புடிச்சிக்கினு, "எமோஷனல் ஆவாதீங்க, சார் பண்ணினா சூப்பரா வரும்"னு காதுல சொல்லுது. ரொட்டிய வச்சி மூக்கைத் தேச்சாரு. வாயை ஒசத்தினாரு. கன்னத்துக்கு நெழல் போட்டாரு. அந்தம்மா பிளாஸ்க்குல கொண்டாந்த காபிய ஒருத்தரு குடிச்சிக்கினே பாத்தாரு, அவரு டம்ளரு காலியாவறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. கடைசியா கரி உதிராம இருக்க ஒரு மருந்து, அதையும் குழாய் வச்சி வாயாலயே ஊதினாரு. பொட்டுப் பொட்டா படத்து மேல எறங்கிச்சு. இனிமே யாராலயும் அழிக்க முடியாதுன்னாரு. கும்பல் கை தட்டுது.

வெளிய ஓடி உப்புப் பாத்தி வரப்புல நின்னு வாந்தி எடுத்தேன். த்தூ, மனுஷனுங்களா இவனுங்க?

பலகையில இருந்தவன் நல்ல அழகன். ஒரே மட்டமா கண்ணு, செதுக்கின மூக்கு. காது மட்டும் என் வீட்டுக்காரருது. அந்தக் காதை மட்டும் அந்த மாஸ்டரு ஏன் விட்டு வச்சான்னு கூட எரிச்சலா வந்திச்சு. மறுநாளே புதுப் பேப்பர்ல மறுபடி காதுலருந்து ஆரம்பிச்சேன். காது வருது. கன்னம் வரைக்கும் வருது. அதுக்கு மேல அந்த அழகன் வந்து உக்காந்துக்கறான். திரும்பத் திரும்ப அவனேதான். கண்ணை மூடினாலும் அவன். அந்தக் கட்டைவிரலு பேப்பரோட நிக்கல, எந்தலைக்குள்ள வந்து தொடைச்சிட்டுப் போயிடுச்சு. ஒரு கண்ணு கீழ எறங்கி இருக்கும்னு மாஸ்டர்கிட்ட சண்டை போட்டது ஞாபகம் இருக்குது. அந்தச் சொல்லு இருக்குது, கண்ணு இல்ல.

கிளாஸ் முடிஞ்ச அன்னைக்கு குடோன் சொவத்துல எல்லாப் படத்தையும் மாட்டி ஊர் ஜனங்களைக் கூப்பிட்டாங்க. காராசேவு, டீ உண்டுன்னதும் நல்ல கூட்டம். நடுவுல, பெரிசா, அவன். அடியில என் பேரு வேற. கிழிச்சிப் போடலாம்னு கிட்டப் போறதுக்குள்ள என் மாமியார் முந்திக்கினாங்க. பாத்தாங்க. இன்னும் கிட்டப் போய் பாத்தாங்க. அப்புறம் மார்ல அடிச்சிக்கினு, "என் ராசா! வந்துட்டியாடா!"ன்னு ஒரு கத்து கத்தினாங்க பாரு, காராசேவு துன்னுக்கினு இருந்தவங்கெல்லாம் நிறுத்திட்டாங்க. மாஸ்டரு கண்ணைத் தொடைச்சிக்கினாரு. எனக்கு அவரு மூஞ்சியில காறித் துப்பணும்னு இருந்திச்சு.

"அத்தே, அது அவரு இல்ல. இந்த ஆளு மாத்திட்டாரு"ன்னேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு"ன்னாங்க.

சொந்தக்காரங்களும் சேந்துக்கினாங்க. அப்படியே உரிச்சி வச்சிருக்குதாம். பேசப்போறாப்புல இருக்குதாம். ஊர் வாய மூட உலைமூடி ஏது? வானூர்ல கொடுத்து கண்ணாடி போட்டு மாட்டினாங்க. தெவசத்துக்கு எவனோ ஒரு எச்சி அழகனுக்கு மாலை போட்டு, அவருக்குப் புடிச்ச நெத்திலி வறுவல் வச்சி, சூடம் காட்டி, நானும் உழுந்து கும்பிட்டேன். வருஷா வருஷம் கும்பிட்டேன். கும்பிட்டுட்டு எழுந்து போய் வாயக் கொப்பளிப்பேன்.

அப்புறம் எத்தினியோ வருஷம் கழிச்சி ஒரு தெவசத்துக்கு, மாமியாருக்கு அப்பவே பார்வை மங்கிப்போச்சு, படத்தை எறக்கி மடியில வச்சிக்கினு ஈரத் துணியால கண்ணாடியத் தொடைச்சிக்கினு இருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து பூ கட்டிக்கினு இருந்தேன். நிமிராமலே சொன்னாங்க:

"இது அவன் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

பூவைக் கீழ வச்சிட்டேன்.

"சொவத்துல யாருன்னா ஒருத்தன் இருக்கட்டும்னுதான் கத்தினேன். வெறும் சொவத்தை எத்தினி வருஷம் கும்புடறது?" துணிய மடிச்சி படத்துக் கண்ணுகிட்ட வச்சி அழுத்தித் தொடைச்சாங்க. "அவனுக்கு ஒரு கண்ணு எறக்கமா இருக்கும் இல்ல? பொறக்கும்போதே அப்படித்தான்."

"ஆமா அத்தே"ன்னேன். இத்தினி வருஷத்துல அதை இன்னொரு வாய் சொல்லிக் கேக்கறேன்.

"எந்தக் கண்ணும்மா அது?"

பெத்தவங்க என்னைக் கேக்கறாங்க. படத்துல ஒரு கண்ணு மேல வெரல வச்சேன். அப்புறம் எடுத்து இன்னொரு கண்ணு மேல வச்சேன். என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாங்க.

"தெரியல அத்தே"ன்னேன்.