கம்பி லோடும் வராத சங்கிலியும்

லாரி டிரைவர் முன்னாடி பார்த்து ஓட்டணும்னு எல்லாரும் புத்தி சொல்றாங்க. எமன் பின்னாடி சரக்கோட சரக்கா ஏறியிருக்கிறதை யாரும் பார்க்குறதில்லை. ஸ்டியரிங் பிடிச்சவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

தேக்கு பீரோ

எங்க ஊர்ல சாரம்னு ஒரு ஏரியா, அங்க ஒரு வாத்தியார் வீட்டைக் காலி பண்ணித் திண்டிவனம் போனார். பீரோவைக் கட்டக் கயித்தை எடுத்தேன், குறுக்க வந்து நின்னுட்டார். பாலிஷ் போயிடுமாம். வளைவுல சாய்ஞ்சா பக்கத்துல பைக்ல போறவன் தலையில விழும்னு சொன்னா, மெதுவா திருப்புன்றார். தலையெழுத்தேன்னு தலையாட்டிட்டு, அவர் கார்ல முன்னாடி போனதும் கோணியை மடிச்சு வெச்சு இறுக்கிட்டேன்.

திண்டிவனத்துல அவர் வாசலுக்கு வர்றதுக்குள்ள கட்டை அவிழ்த்தாச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பீரோவைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "பார்த்தியா, கட்டாமலே பத்திரமா வந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை மூணு மணி

எங்க ஊருக்குள்ளயே இருக்குற மேட்டுப்பாளையத்துல ஒரு கடையில மரக்காணத்துக்குக் கம்பி லோடு. கம்பிக்குக் கயிறு பத்தாது, சங்கிலி போட்டே ஆகணும். பிரேக் அடிச்சா மொத்தமும் வழுக்கிக்கிட்டு நம்ம முதுகுக்குத்தான் வரும். கடைச் சங்கிலி வேற வண்டியில போயிருந்துச்சு, வர அரை மணி ஆகும். மூணு மணிக்கு ராகுகாலம், அதுக்குள்ள வண்டி கிளம்பணும்னார் கடைக்காரர். நான் முடியாதுன்னு கீழ இறங்கி நின்னேன். அவர் எங்க ஓனருக்கு போனைப் போட்டார். வண்டியை எடுக்கலைன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போன்னார் ஓனர்.

இருந்த கயித்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். கடைக்காரர் டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டு வந்து சொன்னார்: "நல்ல நேரத்துல எடுத்தா சங்கிலியே வேணாம்."

கனகசெட்டிக்குளத்துல ஒரு பிரேக்

ஊர்ந்துதான் போனேன். கிளீனர் ஆறுமுகண்ணன், என்னைவிட மூத்தவர், இடது பக்கம் மேற்கு வெயில் சுடுதுன்னு நகர்ந்து என்னை ஒட்டி உட்கார்ந்தார். கனகசெட்டிக்குளத்துல மீன் கூடையோட ஒரு அம்மா ரோட்டுக்கு வந்துடுச்சு. மிதிச்சேன். கயிறு அறுந்து, நாலஞ்சு கம்பி கேபின் பலகையைப் பொத்துக்கிட்டு வந்து, அண்ணன் நகர்றதுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த இடத்துல சீட்டைக் கிழிச்சு நின்னுச்சு.

அந்த அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை. அண்ணன் அந்த சீட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். கடைக்காரருக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டுக் கேட்டார்: "கம்பி எதுவும் வளையலையே?"

வளையலைங்க, நாங்க ரெண்டு பேரும்கூட உசுரோடதான் இருக்கோம்னு, எவனாவது கேட்டா சொல்லலாம்னு இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்.