வேன்காரரும் மாடிப் பள்ளிக்கூடமும்

பதினாலு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நேரம் தவறாமல் இறக்கிவிடும் வேன்காரருக்கு, சொந்த மகளை எங்கே இறக்கிவிடுகிறார் என்று சொல்ல மட்டும் வாய் வராது.

ஒன்பதாம் வகுப்பில் அறுபது பேர் நடுவே உட்கார்ந்தாலே அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டியது. வைத்தியம் பார்த்து, கெஞ்சி, மிரட்டி, எல்லாம் ஆயிற்று. கடைசியில் அவளே அங்கே இங்கே விசாரித்து, திறந்தநிலைப் பள்ளியின் பயிற்சி மையம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டே அறைகள். நீச்சல் போட்டிகளுக்குப் போகிறவள், கைக்குழந்தைக்காரி, மதியத்துக்கு மேல் துணிக்கடையில் நிற்கிறவள் என்று பன்னிரண்டு பேர். அவரவர் வேகத்தில் படித்து, தயாரானதும் தேர்வு எழுதலாம். அங்கே போன நாளிலிருந்து அவளுக்கு மூச்சு முட்டவில்லை. மனுஷன் அதற்கல்லவா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்! இவருக்கோ தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். மகள் பழைய சீருடையில்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அவளை ஏற்றிக்கொள்வார். மையத்துக் கழிவறையில் அவள் உடை மாற்றிக்கொள்வாள். சட்டை தோளில் இறுக்கியபோது தையலைப் பிரித்துவிடச் சொன்னாரே தவிர, ஏற்பாட்டை விடவில்லை. அவளும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன் சீட்டில் ஏறி, முதல் நாள் படித்ததை வழியெல்லாம் கதை மாதிரி சொல்லிக்கொண்டே வருவாள்.

ஒருநாள் சாப்பாட்டுப் பையை வேனிலேயே மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு மாடியேறினார். முன்னறையில், அவர் வேனில் வரும் ஒரு பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். உடை மாற்றிவிட்டிருந்த மகள், அந்த அம்மாவுக்குச் சேர்க்கைப் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"டிரைவர் அண்ணா! நீங்க எங்க இங்க?"

"சவாரிங்கம்மா," என்று வாயில் வந்ததைச் சொன்னார். "இந்தப் பொண்ண இறக்கிவிட்டேன். பைய வேன்லயே விட்டுட்டுப் போயிருச்சு."

"எம் பொண்ணுக்கும் ஸ்கூல்னாலே காய்ச்சல் வந்துடுதுண்ணா. யார்கிட்ட கேக்குறதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டே இருந்தேன். இந்தப் பொண்ணு எவ்ளோ தெளிவா சொல்லுது பாருங்க! பெத்தவங்க குடுத்துவெச்சவங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். என் பொண்ணுதாம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பையை நீட்டியபடி நின்றார்.

மகள் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தேங்க்ஸ்ணா. சாயங்காலம் அதே நேரத்துக்கு வந்துடுங்க."

பெற்ற மகள் அண்ணா என்றதும் அவருக்குக் காதெல்லாம் எரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துச் சிரித்திருந்தாலும் இவ்வளவு கூசியிருக்க மாட்டார். தன்னை நினைத்துத் தானே கூசினார்.

சாயங்காலம் முன்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். மகள் சீருடையில் இறங்கி வந்தாள். அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பின்னால் ஏறி, சவாரிப் பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்தாள்.

"முன்னால வாம்மா," என்றார்.

"பரவால்லப்பா," என்றாள். "யாராவது பாத்துடப் போறாங்க."